மாத்திரை விற்ற பணத்தில் இசையை ஆராய்ந்தவர்: யார் இந்த ஆபிரகாம் பண்டிதர்?

தமிழிசை பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஆபிரகாம் பண்டிதர் பெயர் வந்துவிடும். 1917-ல் வெளியான கருணாமிர்த சாகரம் என்ற பிரம்மாண்டமான புத்தகம்தான் காரணம். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்த நூலை முழுசாகப் படித்தவர்கள் குறைவு. பெயரைக் கேட்காத இசை மாணவர் இருக்க மாட்டார்.

ஆனால் பண்டிதர் கச்சேரி செய்து பிழைத்தவர் இல்லை. இசையில் அவர் சம்பாதித்தது எவ்வளவு என்று கேட்டால், செலவழித்தது எவ்வளவு என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மாநாடு நடத்தினார், வித்வான்களை ரயிலேற்றி வரவழைத்தார், சொந்தமாக அச்சகம் வைத்தார். அத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? மூலிகையிலிருந்து. தபாலில் போன மாத்திரை டப்பாக்களிலிருந்து.

இந்தப் பாதிக் கதை அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் இந்த இலை அந்த நோயைத் தீர்க்கும் என்று தினமும் நாலு மெசேஜ் போனில் வந்து விழுகிற இந்தக் காலத்தில், இசையைவிட இந்தப் பாதிதான் நமக்கு நெருக்கமானது. ஒரு மூலிகை மருந்தை எதை வைத்து நம்புவது? ஆய்வகமும் லைசென்ஸும் இல்லாத காலத்தில், கொள்ளைநோய் நேரத்தில், ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு தஞ்சாவூர் வைத்தியரை நம்பினார்கள். ஏன்?

பொதிகைக்குக் கீழே

அம்பாசமுத்திரத்தில் நின்று மேற்கே பார்த்தால் பொதிகை மலை. தாமிரபரணி அங்கிருந்துதான் இறங்குகிறது. பாபநாசம், அகத்தியர் அருவி, காரையாறு, அதற்கு மேலே மயிலாறு, இஞ்சிக்குழி என்று காணிப் பழங்குடியினர் வாழும் இடங்கள். மலையின் உச்சி 1,868 மீட்டர். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இந்த மலைக்குக் கிடைக்கும். அடிவாரத்தில் முள் காடு, மேலே போகப் போகச் சோலைக்காடு. உயரம் மாற மாறச் செடி மாறுகிறது. மூலிகைக்குப் பெயர்போன மலை என்பது வெறும் பக்திப் பேச்சு இல்லை, மழையும் உயரமும் சேர்ந்து செய்கிற வேலை அது.

இந்த மலையில் இருப்பதாக நம்பப்படுகிறவர் அகத்தியர். தமிழ் இலக்கணம், சித்த மருத்துவம், இசை என்று மூன்றுக்கும் மரபு அவரைத்தான் முதல் ஆசானாகச் சொல்கிறது. வரலாற்றில் அகத்தியருக்குத் தேதி கிடையாது. அவர் பெயரில் உள்ள மருத்துவ நூல்களின் தமிழைப் பார்த்தாலே, அவை பல காலங்களில் பலர் எழுதியவை என்று தெரிந்துவிடும். ஆனாலும் மருந்தும் இசையும் ஒரே ஆசானிடமிருந்து வந்தவை என்ற எண்ணம் இந்தப் பக்கத்தில் ரொம்பப் பழையது.

அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசி போய், ஆய்க்குடி தாண்டி சுரண்டை ரோட்டில் போனால் சாம்பவர் வடகரை வரும். அதே மலைத்தொடரின் அடிவாரம்தான். இந்தப் பக்கத்துத் தண்ணீர் சிற்றாற்றில் சேர்ந்து, கடைசியில் தாமிரபரணிக்குத்தான் போகிறது. 1859 ஆகஸ்ட் 2-ம் தேதி அந்த ஊரில், முத்துசாமி - அன்னம்மாள் தம்பதிக்குப் பிறந்தவர் ஆபிரகாம். கிறிஸ்தவ நாடார் குடும்பம்.

அந்தக் காலத் திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளிகள் பரவிக் கொண்டிருந்தன. கோயிலுக்குள் நுழையவே போராட வேண்டியிருந்த ஒரு சமூகத்துப் பையனுக்குப் படிப்பும், படிப்பு வழியாக ஓர் உத்தியோகமும் கிடைக்க அந்தப் பள்ளிகள்தான் வாசல். ஆபிரகாமும் அப்படித்தான் ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல் போனார். படிப்பு முடிந்ததும் அங்கேயே வாத்தியார் வேலை.

சுருளி மலையில் ஒரு குரு

திண்டுக்கல்லில் அவருக்கு எதன் மேல்தான் ஆர்வம் இல்லை என்று கேட்கலாம். சடையாண்டி பத்தர் என்பவரிடம் பிடில் கற்றுக்கொண்டார். புகைப்படக்கலை அப்போது புதுசு, அதையும் பழகினார். ஜோதிடம் பார்த்தார். ஓலைச்சுவடிகளில் இருந்த மருத்துவப் பாடல்களைத் தேடித் தேடிப் படித்தார்.

சுவடியில் படிப்பது ஒன்று, செடியை அடையாளம் காண்பது வேறு. சித்த மருத்துவப் பாடல்களில் ஒரே செடிக்குப் பல பெயர் வரும், ஒரே பெயர் பல செடிகளுக்கும் போகும். இன்றைக்கும் பிரமி என்றால் ஓர் ஊரில் வல்லாரையைக் காட்டுவார்கள், இன்னோர் ஊரில் நீர்ப்பிரமியைக் காட்டுவார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள், உள்ளே இருக்கும் வேதிப்பொருட்களும் வேறு. எந்தப் பகுதியை எடுப்பது, பூக்கும் முன்பா பூத்த பிறகா, பச்சையாகவா காயவைத்தா, எதில் ஊறவைத்து நச்சை நீக்குவது என்பதெல்லாம் பாட்டில் முழுசாக இருக்காது. சித்த மருத்துவத்தில் இப்படி நச்சு நீக்குவதற்குச் சுத்தி என்று பெயர். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் கற்க முடியும். அதனால்தான் குரு தேவைப்பட்டார்.

1870-களின் கடைசியில், மூலிகை தேடிக் கம்பம் பக்கத்துச் சுருளி மலைக்குப் போன இடத்தில் கருணானந்தர் என்ற துறவியைச் சந்தித்தார் ஆபிரகாம். மருந்து முறைகளை அவர் கற்றுக்கொடுத்தார் என்பதுதான் பண்டிதர் வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் சொல்லும் செய்தி. குரு ஓர் இந்துத் துறவி, சீடர் சர்ச்சுக்குப் போகிறவர். இரண்டு பேருக்கும் அது பிரச்சினையாகத் தெரியவில்லை. பின்னால் பண்டிதர் தன் மருந்துகளுக்கும் மருந்துச் சாலைக்கும் தோட்டத்துக்கும் இசை நூலுக்கும் வைத்த பெயர்களைப் பாருங்கள். கருணை என்ற சொல் இல்லாமல் ஒன்றுகூட இல்லை.

1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளைத் திருமணம் செய்தார். அடுத்த வருஷமே இருவரும் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தார்கள். லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் வேலை. பகலில் பாடம், மற்ற நேரத்தில் வைத்தியம். வைத்தியம் தேடி வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

1890-ல் பள்ளி வேலையை விட்டார். மாதச் சம்பளம் உறுதியாக வரும் மிஷன் வேலையை 31 வயதில் விட்டுவிட்டு, மருந்து செய்து விற்றுப் பிழைப்பது என்பது அன்றைக்குச் சின்ன முடிவு இல்லை. ஸ்டார்ட்அப் என்ற சொல் அப்போது கிடையாது, பயம் மட்டும் இதேதான்.

தபாலில் போன சஞ்சீவி

அவர் சரியான நேரத்தில் இறங்கினார். அதுவரை நாட்டு வைத்தியம் என்பது முகம் பார்த்து நடக்கும் காரியம். வைத்தியர் நாடி பிடிப்பார், நோயாளிக்கு ஏற்ற மாதிரி அன்றைக்கு அரைத்துக் கொடுப்பார். 1877-ல் இந்தியத் தபால் துறை வி.பி.பி. கொண்டுவந்தது. இன்றைய கேஷ் ஆன் டெலிவரிதான். பார்சலை வாங்கும்போது தபால்காரரிடம் காசு கொடுத்தால் போதும். ஏற்கெனவே ரயில் வந்துவிட்டது, பத்திரிகைகளும் பெருகிவிட்டன. மருந்துக்கு ஒரு பெயர், ஒரு டப்பா, உபயோகம் சொல்லும் ஒரு துண்டுத்தாள் இருந்தால், முகம் தெரியாத ஊருக்கும் விற்கலாம் என்ற நிலை வந்தது.

நாடு முழுக்க இதைப் பலர் கண்டுகொண்ட காலம் அது. 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தொடங்கியது. 1898-ல் சென்னையில் பண்டிதர் கோபாலாசார்லு தன் ஆயுர்வேத நிலையத்தைத் தொடங்கினார். 1902-ல் பி.எஸ்.வாரியர் கோட்டக்கல் ஆரிய வைத்திய சாலையை நிறுவினார். இவர்களுடைய வரிசையில்தான் தஞ்சாவூரின் கருணாநிதி வைத்திய சாலையையும் வைக்க வேண்டும். அங்கிருந்து கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்ற பெயரில் மாத்திரைகள் இந்தியா முழுக்கவும், தமிழர்கள் போய்ச் சேர்ந்திருந்த பர்மா, இலங்கை, சிங்கப்பூர் வரையிலும் போயின. தோட்டத் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் கடல் கடந்து போனவர்களுக்கு, ஊர் மருந்து ஊர்ப் பெயரோடு கைக்கு வந்தது. அதன் அருமை வெளிநாட்டில் காய்ச்சலில் படுத்தவர்களுக்குத் தெரியும்.

ஆபிரகாம் என்ற வாத்தியார் பண்டிதர் ஆனதும் இந்த மருந்தால்தான். அந்தக் காலத் தமிழில் பண்டிதர் என்பது படித்தவரையும் குறிக்கும், வைத்தியரையும் குறிக்கும். இவருக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தியது.

பிளேக் வந்த நேரம்

1896-ல் பம்பாயில் பிளேக் தொடங்கியது. ஹாங்காங்கில் அதன் கிருமியைக் கண்டுபிடித்து இரண்டே வருஷம் ஆகியிருந்தது. எலியின் தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898-ல் சொன்னபோது பலர் நம்பவில்லை. அடுத்த இருபது, முப்பது வருஷங்களில் இந்தியாவில் 1 கோடிக்கும் அதிகமானவர்கள் இந்த நோயில் இறந்தார்கள்.

நோயைவிட அதிகாரிகளைக் கண்டு மக்கள் பயந்தார்கள். 1897-ல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. கொரோனா நேரத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்டோமே, அதே சட்டம்தான். வீடு புகுந்து சோதனை, ரயில் நிலையத்தில் அக்குளைத் தடவிப் பார்த்தல், நோயாளியை முகாமுக்குத் தூக்கிப் போதல் என்று எல்லாம் நடந்தது. ஹாஃப்கின் தயாரித்த தடுப்பூசி இருந்தது. ஆனால் 1902-ல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் அந்த ஊசி போட்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்துபோனதும் நம்பிக்கை ஆட்டம் கண்டது.

இப்படிப்பட்ட நேரத்தில், தபாலில் வருகிற, வீட்டை விட்டு நகராமல் வாங்கிச் சாப்பிடக்கூடிய, தெரிந்த பெயர் உள்ள ஒரு மாத்திரை எப்படி விற்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிளேக் காலத்தில் பண்டிதரின் மருந்துகளுக்குப் பெரிய கிராக்கி ஏற்பட்டது. பணம் வந்தது, பேர் வந்தது. 1909-ல் பிரிட்டிஷ் அரசு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

சரி, அந்த மருந்து பிளேக்கைக் குணப்படுத்தியதா?

நேர்மையாகச் சொன்னால், அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. பிளேக்கில் எல்லோரும் இறந்துவிடுவதில்லை. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும் வகையில், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே கணிசமானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தவர் மாத்திரையைப் புகழ்வார். சாப்பிட்டும் இறந்தவர் கடிதம் எழுத மாட்டார். ஒரு பிரிவுக்கு மருந்து கொடுத்து, இன்னொரு பிரிவுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அன்றைய ஆங்கில மருத்துவத்திலேயே சரியாக வேரூன்றவில்லை. பிளேக்கை உறுதியாக அடக்கும் மருந்து 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பிறகுதான் கிடைத்தது. எனவே பண்டிதரை பிளேக்கை ஒழித்தவர் என்று எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவரை ஏமாற்றுக்காரர் என்பதும் அதைவிடத் தப்பு. அன்றைக்கு யாரிடமும் மருந்து இல்லை. கம்பவுண்டர் கொடுத்த மிக்சரும் நிரூபிக்கப்பட்டது கிடையாது.

செடிக்குள் என்ன இருக்கிறது?

அப்படியென்றால் மூலிகை வைத்தியம் முழுக்க நம்பிக்கை மட்டும்தானா? அதுவும் இல்லை. பண்டிதர் காலத்துக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் தெரியும்.

ஆடாதோடை இலையை இருமலுக்குக் கஷாயம் வைப்பது தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் உண்டு. ஆடு தொடாத செடி என்பதால்தான் அந்தப் பெயர். அதில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. சளியை இளக்க இன்றைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் புரோம்ஹெக்சின், அந்த வாசிசினை மாதிரியாக வைத்து உருவாக்கியதுதான். சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்ட மாதிரி இருக்கும். நாக்கில் இனிப்பை உணரும் இடங்களை அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் கொஞ்ச நேரத்துக்கு மறைத்துவிடுகிறது. யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

சர்ப்பகந்தா வேரின் கதை இன்னும் பெரிசு. தூக்கமின்மைக்கும் மனநோய்க்கும் நாட்டு வைத்தியர்கள் கொடுத்துவந்த வேர் அது. 1949-ல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் வக்கீல், ரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் அதன் பலனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1952-ல் சுவிட்சர்லாந்து வேதியியலாளர்கள் அதிலிருந்து ரிசர்ப்பினைப் பிரித்தெடுத்தார்கள். உலகம் முழுக்க ரத்த அழுத்த மருந்தாக அது பயன்பட்டது. கூடவே சிலருக்கு மனச்சோர்வு வருகிறது என்பதும் தெரியவந்தது. மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு வேரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி என்போம். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலில் இருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்துவிட்டது. வெறும் மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி மறைந்தது. பெரிய பரபரப்பு. ஆனால் வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. செடியின் வகை மாறியதா, மண் மாறியதா, முதல் ஆய்வே சிறியது என்பதாலா என்று விவாதம் ஓடியது. தமிழ்நாட்டில் டெங்கு வரும்போதெல்லாம் அரசு கொடுக்கும் நிலவேம்புக் குடிநீரைச் சுற்றி நடக்கும் சண்டையும் கிட்டத்தட்ட இதேதான். நிலவேம்புக் குடிநீர் என்பது ஒரு செடி இல்லை, ஒன்பது சரக்கு சேர்ந்தது. ஒன்பதில் எது வேலை செய்கிறது, எவ்வளவு செய்கிறது என்று பிரித்துச் சொல்வது லேசான காரியம் இல்லை.

இதில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். டப்பாவில் எழுதியிருக்கும் செடிதானா உள்ளே இருப்பது? இந்தக் கேள்வியை பண்டிதர் கையாண்ட விதம் கவனிக்க வேண்டியது.

பண்டிதர் தோட்டம்

வியாபாரம் வளர்ந்ததும் அவர் தஞ்சாவூருக்கு வெளியே நிலம் வாங்கினார். கருணானந்தபுரம் என்று பெயர் வைத்தார். ஜனங்கள் வாயில் அது பண்டிதர் தோட்டம் ஆனது. அங்கே மருந்துக்குத் தேவையான மூலிகைகளைப் பயிரிட்டார். விவசாயத்திலும் புதுசு புதுசாகச் செய்து பார்த்தார். சென்னை மாகாண கவர்னர் வரைக்கும் ஆட்கள் வந்து பார்த்துப் போகும் இடமாக அது ஆனது.

மருந்துக்காரர் தோட்டம் போடுவதில் என்ன பெருமை என்று தோன்றலாம். ஆனால் மூலிகை வியாபாரத்தில் அது அன்றைக்கு மட்டுமில்லை, இன்றைக்கும் வழக்கத்துக்கு மாறானதுதான். நாட்டு மருந்துக் கடைக்கு வரும் சரக்கில் ஏராளமானவை காட்டிலிருந்தும் புறம்போக்கிலிருந்தும் பறித்தவை. பறிப்பவர், சந்தையில் வாங்குபவர், மொத்த வியாபாரி என்று கை மாறி வரும்போது எந்த மலை, எந்த மாசம், எந்தச் செடி என்பது மறைந்துபோகும். வேரைத் தோண்டினால் செடியும் போச்சு. தானே விதைத்துத் தானே பறித்தால் அடையாளத்தில் குழப்பம் வராது, அடுத்த வருஷத்துக்கும் இருக்கும். மாத்திரையை ஆயிரக்கணக்கில் செய்கிறவருக்கு இது அவசியம். மலைக்குப் போய் ஒரு கை பறித்து வருகிற வைத்தியருக்கு அது தேவைப்படாது.

பொதிகை மலையில் இந்தக் கேள்வி இப்போது வேறு விதமாக நிற்கிறது. 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்த பிறகு, அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து மேலே போய் மூலிகை பறிப்பது யாருக்கும் அவ்வளவு சுலபம் கிடையாது. அதே மலையின் கேரளப் பக்கத்தில் 1987-ல், ஆய்வாளர்களுக்கு வழிகாட்டப் போன காணிகள், களைப்பு தெரியாமல் இருக்க ஒரு செடியின் காயைத் தின்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்று அந்தச் செடிக்குப் பெயர். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தைத் தயாரித்து, 1995-ல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தார்கள். உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி உதாரணமாக உலகமே அதைப் பேசியது. ஆனால் செடியைக் காட்டுக்கு வெளியே போதுமான அளவு வளர்ப்பதில் சிக்கல், வனத்துறையோடு இழுபறி என்று அது தடுமாறியது. தோட்டம் இல்லாமல் மருந்து இல்லை என்பதை பண்டிதர் அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்னாலேயே புரிந்துவைத்திருந்தார்.

ஒன்றைத் திறந்தார், ஒன்றை மூடி வைத்தார்

மாத்திரையில் வந்த பணம் இசைக்குப் போனது. 1912 மே மாதம் தஞ்சாவூரில் முதல் இசை மாநாட்டைக் கூட்டினார். சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்று அமைப்பு ஆரம்பித்தார். 1916 வரைக்கும் அடுத்தடுத்து மாநாடுகள். செலவு அவருடையது.

எதற்காக இத்தனை பாடு? ஒரு ஸ்தாயிக்குள் எத்தனை சுருதி என்ற கேள்விக்காக. கீபோர்டில் ஒரு ச-வுக்கும் அடுத்த ச-வுக்கும் நடுவில் வெள்ளையும் கறுப்புமாக 12 கட்டைகள் இருக்கின்றன இல்லையா? பாடுகிறவர்கள் அந்தக் கட்டைகளுக்கு நடுவிலும் போவார்கள். அந்த நுட்பமான இடங்கள் மொத்தம் 22 என்று சம்ஸ்கிருத நூல் மரபு சொல்லிவந்தது. 22 அல்ல, சமமாகப் பிரித்த 24 என்றார் பண்டிதர். சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் இருக்கும் இசைச் செய்திகளைக் கணக்குப் போட்டுக் காட்டினார். தமிழ் மரபு ஒரு தனி இசை இலக்கணத்தை வைத்திருந்தது என்பதுதான் அதன் உட்பொருள். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய், தன் குடும்பப் பெண்களை வாசிக்கவும் பாடவும் வைத்து, தன் கணக்கை எதிர்த்தரப்பு வித்வான்கள் முன்னால் விளக்கினார். ஒரு திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவ வைத்தியர் இசை இலக்கணம் பேச வந்தது எல்லோருக்கும் ருசித்திருக்காது. 24 என்ற கணக்கை இன்றைக்கும் ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பழந்தமிழ் இசையைப் பற்றிப் பின்னால் எழுதியவர்கள் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியவில்லை.

கருணாமிர்த சாகரத்தை அச்சடிக்கவே சொந்த அச்சகம் இருந்தது. மின்சாரத்தில் ஓடிய அந்த அச்சகத்துக்கு கவர்னர் லாலியின் பெயர். 1917-ல் முதல் பாகம் வந்தது.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. இசையில் பண்டிதர் தன் கணக்கு முழுவதையும் அச்சில் போட்டார். எதிர்ப்பவர்களைத் தன் செலவில் கூப்பிட்டு உட்கார வைத்து, தப்பு இருந்தால் காட்டச் சொன்னார். ஓர் ஆராய்ச்சி எப்படி நடக்க வேண்டுமோ அப்படி. மருத்துவத்தில் அவருக்கு அப்படி ஒரு சாகரம் இல்லை. அங்கே அவர் விட்டுப்போனது நூல் அல்ல, ஒரு மருந்தின் பெயர். இதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மருந்து முறையை வெளியிட்டால் மறுநாளே பத்துப் பேர் அதே பெயரில் செய்து விற்பார்கள், காப்புரிமை என்ற பாதுகாப்பு அந்த வைத்தியர்களுக்குக் கிடையாது. குருவிடம் கற்றதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் மரபு. மருந்தில் மூடி வைத்ததால் வந்த பணம்தான் இசையில் எல்லாவற்றையும் திறந்து வைக்க உதவியது. ஆனால் நட்டம் என்னவோ மருத்துவத்துக்குத்தான். சஞ்சீவி மாத்திரைகளை ஒரு மாநாட்டின் நடுவில் வைத்து, எத்தனை பேருக்குக் கொடுத்தேன், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று அவர் கணக்குக் காட்டியிருந்தால், சித்த மருத்துவத்தின் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

கடைசி வருஷங்கள்

அவருடைய கடைசிக் காலத்தில் சட்டம் நாட்டு வைத்தியர்களைச் சுற்றி வளைக்க ஆரம்பித்தது. 1914-ல் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. மேற்கத்திய மருத்துவம் படித்தவர்களுக்கு மட்டும் பதிவு. சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே. 1918-ல் டாக்டர் கோமன் என்பவரை நாட்டு மருந்துகளை ஆராயச் சென்னை அரசு நியமித்தது. மருந்துகளை ஆஸ்பத்திரியில் கொடுத்துப் பார்த்து அவர் எழுதிய அறிக்கையில் சிலவற்றுக்குப் பாராட்டு இருந்தது. ஆனால் மருத்துவ முறைகள் மேல் அவருக்கு மதிப்பு இல்லை என்று வைத்தியர்கள் கொதித்தார்கள்.

அந்தச் சண்டை சூடு பிடிப்பதற்குள் பண்டிதர் போய்விட்டார். 1919 ஆகஸ்ட் 31-ம் தேதி இறந்தார். வயது 60. இரண்டு வருஷம் கழித்து அரசு உஸ்மான் கமிட்டியை அமைத்தது. நாட்டு மருத்துவ முறைகளுக்கும் அறிவியல் அடிப்படை உண்டு, அவற்றுக்கும் கல்லூரி வேண்டும் என்று அந்தக் கமிட்டி சொன்னது. 1924-ல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி திறந்தது. பண்டிதர் பிறந்த மாவட்டத்துக்குச் சித்த மருத்துவக் கல்லூரி வர 1964 வரை ஆனது. பாளையங்கோட்டையில் இருக்கும் அந்தக் கல்லூரியில்தான் பொதிகை மலைச் செடிகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் வேலை இப்போது வகுப்பறைப் பாடமாக நடக்கிறது.

கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் பாகத்தைப் பண்டிதர் எழுத்துப் பிரதியாக விட்டுப் போயிருந்தார். அவருடைய மகள் மரகதவல்லி துரைப்பாண்டியன் அதை 1946-ல் வெளியிட்டார்.